அவுட்பாக்ஸில் கிடந்த இன்வாய்ஸ்: மெயில் மென்பொருளின் ஆஃப்லைன் முறையை நம்பலாமா?

நண்டுக்கணக்கு (தங்கச்சிமடம்):
நண்டு ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். போன கார்த்திகையில் நடந்ததைச் சொல்லிவிட்டு என் கட்சிக்கு வருகிறேன்.

மூன்று நாள் விடாத மழை, வாடைக்காற்று. கரண்டும் நெட்டும் வருவதும் போவதுமாக இருந்தன. தூத்துக்குடி ஏஜெண்டுக்கு இன்வாய்சும் பேக்கிங் லிஸ்டும் போக வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிற மெயில் மென்பொருளில் எழுதி, 'அனுப்பு' பட்டனை அழுத்தினேன். எழுதிய ஜன்னல் மூடிக்கொண்டது. மூடிக்கொண்டால் போய்விட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? போகவே இல்லை. மென்பொருள் நெட்டோடு தொடர்பில்லாமல் ஆஃப்லைனில் இருந்திருக்கிறது. மெயில் அவுட்பாக்ஸில், அதாவது இன்னும் போகாத மெயில் நிற்கிற பெட்டியில், போய்க் கிடந்தது. மறுநாள் காலையில் திறந்ததும் ஏதோ ஒரு கேள்வி வந்தது. வாசலில் ஐஸ் வண்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால் படிக்காமலே 'வேண்டாம்' என்று தட்டிவிட்டேன். 'அனுப்பாத மெயிலை இப்போது அனுப்பவா' என்பதுதான் அந்தக் கேள்வி என்று பிறகு தெரிந்தது. நான்காம் நாள் ஏஜெண்டிடமிருந்து போன். "அண்ணே, பேப்பரே வரலை. இனி அடுத்த கப்பல்தான்."

நம் கடற்கரையில் நெட் எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், இங்குள்ள ஆபீஸ்களில் ஆஃப்லைன் முறையே வேண்டாம். பிரவுசரில் மெயிலைத் திறப்போம். நெட் இருந்தால் போகும், இல்லையென்றால் போகவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும்.

கீழக்கரையான்:
தம்பி, உங்கள் நஷ்டத்துக்கு வருத்தப்படுகிறேன். ஆனால் முடிவு தப்பு. பிரவுசருக்குப் போனால் அவுட்பாக்ஸ் இருக்காது என்று யார் சொன்னது? ஜிமெயிலைக் குரோமில் திறந்தாலும் ஆஃப்லைன் வசதி உண்டு. 7, 30, 90 நாள் என்று தேர்ந்தெடுத்து மெயிலை இறக்கி வைத்துக்கொள்ளலாம். அதிலும் நெட் இல்லாதபோது அனுப்பினால் அவுட்பாக்ஸில்தான் நிற்கும். அந்த வசதியைப் போடாமல் விட்டால், மழை நாளில் பழைய மெயிலைப் படிக்கக்கூட வழியில்லை.

இருபது வருடமாக இந்த ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். வரும் புகாரில் பாதி இதுதான், காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். நெட் இருக்கிறதா இல்லையா என்று மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்கும் என்று நம்பிவிடுகிறோம். அது பார்ப்பது கம்ப்யூட்டருக்கும் வைஃபைக்கும் உள்ள இணைப்பை. வைஃபைக்கு அப்பால் நெட் உயிரோடு இருக்கிறதா என்று அதற்குச் சரியாகத் தெரியாது.

தனுஷ்கோடிப் பக்கம் போன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை வைத்து வேலை பார்த்தவர்களுக்குப் புரியும். அரிச்சல்முனையை நெருங்க நெருங்க போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங் இல்லையென்றால் டேட்டா நின்றுவிடும். ஹாட்ஸ்பாட் மட்டும் அப்படியே இருக்கும், லேப்டாப்பில் வைஃபை கோடுகள் முழுதாக நிற்கும். மென்பொருள் ஆன்லைன் என்றே நினைத்துக்கொண்டு, வராத சர்வரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திணறும். அந்த நேரத்தில் 'ஆஃப்லைனில் வேலை செய்' என்பதை நாமே கையால் அழுத்த வேண்டும். அழுத்தினால் திணறல் நின்று, இறக்கி வைத்த மெயிலெல்லாம் உடனே திறக்கும்.

தொண்டிக்காரன்:
நான் நண்டுக்கணக்கு அண்ணன் பக்கம். கீழக்கரைக் காக்கா சொல்வது தெரிந்தவர்களுக்குச் சரி. எனக்கு இதற்கு நேர்மாறாக நடந்தது. ஸ்கேன் செய்த பத்திரத்தை அனுப்பினேன். 'அனுப்பிய மெயிலை சென்ட் ஃபோல்டரில் நகல் எடுக்க முடியவில்லை' என்று வந்தது. போகவில்லை போலிருக்கிறது என்று திரும்ப அனுப்பினேன், மூன்றாவது முறையும் அனுப்பினேன். அங்கே மூன்று நகலும் போய்ச் சேர்ந்திருக்கிறது. வக்கீல் கூப்பிட்டு, இதில் எது கடைசிப் பிரதி என்று கேட்கிறார். அனுப்பியதைப் போகவில்லை என்றும் போகாததை அனுப்பியாயிற்று என்றும் காட்டுகிற மென்பொருளை எப்படி நம்புவது?

கீழக்கரையான்:
இது நல்ல கேள்வி தம்பி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மெயிலை அனுப்புவது எஸ்எம்டிபி என்ற ஒரு வழி. சர்வரில் உள்ள பெட்டியைப் பார்ப்பது ஐமேப் என்ற வேறு வழி. ஐமேப் கணக்கில் நீங்கள் அனுப்பும் மெயில் முதலில் எஸ்எம்டிபி வழியாகப் போகும். அது முடிந்த பிறகு, சென்ட் ஃபோல்டரில் வைக்க அதே மெயிலை ஐமேப் வழியாக இன்னொரு முறை ஏற்ற வேண்டும். உங்களுக்கு முதல் ஏற்றம் முடிந்துவிட்டது, இரண்டாவது பாதியில் அறுந்துவிட்டது. அதனால் அந்தச் செய்தி வந்தால் மெயில் போய்விட்டது என்று அர்த்தம். திரும்ப அனுப்பக் கூடாது.

இன்னொன்று. இணைக்கிற ஃபைல் மெயிலில் போகும்போது மூன்று பைட் நான்கு பைட் ஆகிறது. 9 எம்பி பத்திரம் 12 எம்பி ஆகும். இரண்டு முறை ஏறினால் 24 எம்பி. நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்துதான் தொடங்கும். மழைக்கால சிக்னலில் இது முடிகிற காரியமா? ஸ்கேன் அளவைக் குறையுங்கள். ஜிமெயில் கணக்கென்றால், அனுப்பியதை அதன் சர்வரே சென்டில் வைத்துக்கொள்ளும். மென்பொருளில் 'நகலை வை' என்ற டிக்கை எடுத்துவிடலாம், இரண்டாவது ஏற்றமே இருக்காது.

முகாம்கரை (மண்டபம்):
கடல்பாசி பற்றி ஆய்வு செய்யும் மாணவி நான். மாதத்தில் சில நாள் மன்னார் வளைகுடாத் தீவுகளில் வேலை. அங்கே பிரவுசரை நம்பினால் ஒன்றும் நடக்காது, அதனால் ஆஃப்லைன் வேண்டாம் என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

ஆனால் நானும் ஏமாந்திருக்கிறேன். முதல் முறை குருசடைத் தீவுக்குப் போனபோது, என் ஆய்வு வழிகாட்டி அனுப்பிய திருத்தங்களைப் படகில் படிக்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். மெயிலின் தலைப்பு இருக்கிறது, அனுப்பியவர் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. சொடுக்கினால் உள்ளே வெறுமை. ஐமேப்பில் பட்டியல் தனியாக வரும், மெயிலின் உள்ளடக்கம் தனியாக வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பட்டியலைப் பார்த்துவிட்டு எல்லாம் கையில் இருக்கிறது என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன்.

நான் வைத்திருப்பது தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள். கணக்கு அமைப்பில் 'செய்திகளை இந்தக் கணினியில் வை' என்று ஒரு டிக், அதன் கீழே எந்தெந்த ஃபோல்டர் என்று ஒரு பட்டியல். திருத்தங்கள் இருந்த ஃபோல்டருக்கு டிக் இல்லை. இத்தனை கேபிக்கு மேல் இறக்காதே, இத்தனை நாளுக்கு முந்தையது வேண்டாம் என்ற கட்டுப்பாடுகளும் அங்கேயே உண்டு. அவுட்லுக் வைத்திருக்கும் தோழிக்கு வேறு மாதிரிச் சிக்கல். எத்தனை மாத மெயில் கணினியில் இருக்க வேண்டும் என்று அதில் ஒரு அளவு உண்டு. அவளுடையது ஒரு வருடத்தில் நின்றது. அதற்கு முந்தைய மெயில் சர்வரில்தான், நெட் இல்லாமல் கண்ணில் படாது.

இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி சர்வரில் உள்ளதை லேப்டாப்பில் இறக்கிச் சேர்க்கிற ஒத்திசைவை நானே ஓடவிட்டு, முடியும்வரை காத்திருப்பேன். அப்புறம் வைஃபையை அணைத்துவிட்டு, மெயிலோடு வந்த ஃபைல்களில் இருப்பதிலேயே பெரியது எதுவோ அதைத் திறந்து பார்ப்பேன். அது திறந்தால்தான் லேப்டாப் பையில் போகும்.

நண்டுக்கணக்கு:
தங்கச்சி, நீங்கள் படித்தவர், உங்களுக்குப் பழகிவிட்டது. எங்கள் ஆபீஸில் அந்தக் கம்ப்யூட்டரை நான்கு பேர் தொடுகிறோம். நண்டு வந்து இறங்குகிற நேரத்தில் எடை போடுகிறவரே வந்து மெயிலும் அனுப்புவார். அவரிடம் ஐமேப், எஸ்எம்டிபி, டிக் என்று சொன்னால் நடக்குமா? போகாத மெயிலை வைத்துக்கொண்டு ஜன்னலை மூடுவது அந்த மென்பொருள் செய்த தப்பு. அன்றைக்கு நான் மென்பொருளையே மூடியபோதும், உள்ளே ஒன்று கிடக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கீழக்கரையான்:
அந்த ஒரு விஷயத்தில் உங்கள் கட்சி சரி. மறுக்க மாட்டேன்.

ஆனால் ஆஃப்லைன் என்பது யாரோ பின்னால் ஒட்டவைத்த வசதி இல்லை. 1994-லேயே ஐமேப் பற்றி எழுதிய ஆவணத்தில் மூன்று முறைகளைப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். மெயிலை இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்துவிடுவது ஒன்று. எப்போதும் சர்வரிலேயே வேலை பார்ப்பது இன்னொன்று. கொஞ்சம் இறக்கி, தொடர்பை அறுத்து, வேலை பார்த்துவிட்டுத் திரும்ப வந்து ஒப்பிட்டுச் சேர்ப்பது மூன்றாவது. நாம் ஆஃப்லைன் என்று சொல்வது இந்த மூன்றாவதைத்தான். தொடர்பு அறுந்து அறுந்து வருகிற நம் ஊர் மாதிரி இடத்துக்கு வேறு எது பொருந்தும்?

உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு மாற்றம் சொல்கிறேன். தண்டர்பேர்டாக இருந்தால், அனுப்பாத மெயிலை ஆன்லைன் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கும். அனுப்பு, அனுப்பாதே, என்னைக் கேள் என்று மூன்று. உங்கள் மென்பொருள் எதுவானாலும் இதற்கு இணையானதைத் தேடிப்பாருங்கள். 'கேள்' என்று இருந்தால் 'அனுப்பு' என்று மாற்றுங்கள். ஐஸ் வண்டி ஹாரன் அடித்தாலும் மெயில் தானாகப் போய்விடும்.

தொண்டிக்காரன்:
தானாகப் போவதிலும் ஆபத்து இருக்கிறது காக்கா. ராத்திரி ஆஃப்லைனில் ஒரு விலை எழுதி அனுப்புகிறோம். காலையில் ஏலத்தில் விலை மாறிவிட்டது. நெட் வந்ததும் பழைய விலை போய்விட்டால்? கேட்டால்தானே நிறுத்த முடியும்?

முகாம்கரை (மண்டபம்):
விலை சொல்கிற மெயிலை ஆஃப்லைனில் எழுதினால் அனுப்பு பட்டனை அழுத்த வேண்டாம் அண்ணே. வரைவாகச் சேமித்து வையுங்கள், வரைவு தானாகப் போகாது. நான் வழிகாட்டிக்கு எழுதுவதெல்லாம் அப்படித்தான், கரைக்கு வந்து ஒரு முறை படித்துவிட்டே அனுப்புகிறேன்.

நண்டுக்கணக்கு:
காக்கா சொன்ன அமைப்பைத் தேடிப்பார்த்தேன், எங்கள் மென்பொருளிலும் இருக்கிறது. 'கேள்' என்றுதான் இருந்தது. தொண்டித் தம்பி கேட்டதும் சரியான கேள்விதான் என்பதால் இன்னும் மாற்றவில்லை. முதலாளி ஒரு வேலை கொடுத்திருக்கிறார். மெயில் அனுப்பிய பத்து நிமிடத்தில் ஏஜெண்டுக்குப் போன் போட்டு, வந்ததா என்று கேட்டு, நோட்டில் நேரம் எழுத வேண்டும். ஏப்ரல் 15-க்கு விசைப்படகுத் தடை தொடங்கினால் 61 நாள் ஆபீஸில் கொஞ்சம் மூச்சு விடலாம். அப்போது காக்கா ஒரு நாள் தங்கச்சிமடம் வந்தால் நான்கு பேரையும் உட்கார வைக்கிறேன். எடை போடுகிறவருக்குப் புரிகிற மாதிரி அவுட்பாக்ஸைக் காட்டிக்கொடுங்கள். அவர் சரி என்று சொன்னால் என் கட்சியை மாற்றிக்கொள்கிறேன்.

கீழக்கரையான்:
வருகிறேன் தம்பி. வைஃபை ரூட்டரைக் கையில் பிடுங்கி வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பேன்.