புதுப்பிப்பு: லேப்டாப் சூடு ஒருவழியாகக் குறைந்தது

மடியில் வைக்க முடியாத அளவுக்கு லேப்டாப் கொதிக்கிறது, வீடியோ கால் போட்டாலே ஃபேன் அலறுகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி இது.

லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் கூலிங் பேடால் பெரிய பலன் இல்லை. சரி என்று பின்மூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஃபேன் சுத்தமாகத்தான் தெரிந்தது. அதற்கும் ஹீட்சிங்க்கின் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகப் பாகம்) மெல்லிய தகடுகளுக்கும் நடுவில்தான் கம்பளித் துண்டு மாதிரி தூசி அடைத்திருந்தது. காற்று எப்படி வெளியேறும்? இடுக்கியால் அப்படியே உரித்தெடுத்தேன். பிராசசர் மேலிருந்த தெர்மல் பேஸ்டும் (சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் பசை) காய்ந்து பொருக்காகியிருந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பொட்டு வைத்தேன். (காற்றடித்துத் தூசி தட்டும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன், நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை.)

பிராசசர் சூடு முன்பு 97 டிகிரி செல்சியஸைத் தொட்டது, இப்போது அதே வேலைக்கு 78. சார்ஜ் ஏறும்போது மட்டும் கீபோர்டின் இடது மூலை இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது.