மிச்சிகன் ரோபோட்டிக்ஸ் அணிகள்: செலவைக் குடும்பங்கள் சுமப்பதா, ஊர் சுமப்பதா?

நோவைவாசி:
மாணவர்கள் ரோபோ உருவாக்கிப் போட்டியிடும் ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸில் பங்கேற்கும் எங்கள் உயர்நிலைப் பள்ளி அணிக்கு ஆண்டுதோறும் பெருந்தொகை கொடுத்துவந்த வாகன உதிரிபாக நிறுவனம், வரும் பருவத்திலிருந்து நிதி தர இயலாது என்று தெரிவித்துவிட்டது. பதிவுக் கட்டணமே ஏறத்தாழ 6,000 டாலர். இரண்டு மாவட்டப் போட்டிகள் அதில் அடங்கும். சாகினா வேலி பல்கலைக்கழகத்தில் நடக்கும் மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்றால் மேலும் ஏறத்தாழ 4,000 டாலர் வேண்டும். ஹூஸ்டனில் நடக்கும் உலகப் போட்டி வரை சென்றால் தனிக் கட்டணத்தோடு பயணமும் விடுதியும் சேரும். ஆகவே ஒவ்வொரு குடும்பமும் 1,000 டாலருக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். கையிலிருந்து கட்டலாம், இல்லாவிட்டால் நன்கொடை திரட்டி, அதைத் தம் பிள்ளையின் பெயரில் வரவு வைத்துக்கொள்ளலாம். ஐஸ் ஹாக்கிக்கும் அரங்கேற்றத்துக்கும் இதைவிடப் பன்மடங்கு செலவிடுகிறோம் என்பதை நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பற்சக்கரம்:
இம்முன்மொழிவை நான் முழுமையாக எதிர்க்கிறேன். முதலில் சட்டச் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். 501(சி)(3) என்னும் வரிவிலக்குத் தொண்டு அமைப்புத் தகுதி பெற்ற பெற்றோர் சங்கம், திரட்டிய நிதியைத் திரட்டியவரின் பிள்ளைக்கே வரவு வைத்தால் அது தனிநபர் ஆதாயமாகக் கருதப்படும். வர்ஜீனியாவின் கேபிடல் ஜிம்னாஸ்டிக்ஸ் பெற்றோர் சங்கம் இதே காரணத்தால் வரிவிலக்குத் தகுதியை இழந்தது. 2013இல் வரி நீதிமன்றமும் அந்த முடிவை உறுதி செய்தது. அத்தகுதி போனால், நம்மில் பலர் பணிபுரியும் நிறுவனங்கள் ஊழியரின் நன்கொடைக்கு ஈடாகத் தரும் தொகையும் போய்விடும். மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் ஊழியர் தொண்டாற்றும் மணி ஒன்றுக்கு 25 டாலர் வழங்குகின்றன. வழிகாட்டிகளாக வரும் பெற்றோரின் மாலை நேரங்களே இப்படி நிதியாக மாறக்கூடியவை என்பதை நாம் இதுவரை சரியாகப் பயன்படுத்தியதில்லை.

அடுத்தது, ஒரே புரவலரை நம்பியிருப்பது. 2009இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் அடுத்தடுத்துத் திவால் நடவடிக்கைக்குள் சென்றதை மிச்சிகனில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கட்டணத்தில் இரண்டு போட்டிகளில் பங்கேற்கவும், அவற்றைப் பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களிலேயே நடத்தவும் வழிசெய்த மாவட்ட முறை அதே ஆண்டில் இங்குதான் தொடங்கியது. இன்று வேறெந்த மாநிலத்தையும்விட மிச்சிகனில் அணிகள் அதிகமாக இருப்பதற்கு, செலவு குறைந்ததும் ஒரு காரணம் என்பது என் கருத்து. பெரும் புரவலர் போன இடத்தில் பெற்றோரை நிறுத்துவது தீர்வாகாது. பல் மருத்துவர், கடைக்காரர், பட்டறை உரிமையாளர் என்று இருபது பேர் ஆளுக்குச் சில நூறு டாலர் கொடுத்தால், அவர்களில் இருவர் விலகினாலும் அணி நிற்கும்.

நோவைவாசி:
வரிச் சட்டம் தடுக்குமானால் தனி வரவை நீக்கிவிடலாம். கட்டணம் மட்டும் இருக்கட்டும். இருபது கடைகளின் படியேறி இறங்க யார் இருக்கிறார்கள்? பெற்றோர் பணிக்குச் செல்கிறார்கள்; ஜனவரியில் போட்டி விதிகள் வெளியானபின் மாணவர்களுக்கு மூச்சுவிடவும் நேரமிருப்பதில்லை. கட்டணமோ செப்டம்பரிலேயே உறுதியாகக் கையில் இருக்கும். இயலாத குடும்பங்களுக்கு விலக்கு அளிக்கலாம், அதில் எனக்கு மறுப்பில்லை.

முன்னாள்_ஓட்டுநர்:
நான்கு ஆண்டுகள் ஓர் அணியில் இருந்து, இப்போது பொறியியல் படிக்கும் மாணவியாக எழுதுகிறேன். விலக்கு உண்டு என்று எழுதிவைப்பதால் மட்டும் பயன் விளையாது, மாமா. பதினைந்து வயதுப் பிள்ளை விலக்குக் கேட்கும் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்வதைவிட, "எனக்கு இதில் ஆர்வமில்லை" என்று விலகிவிடுவதே எளிது. அவ்வாறு விலகியவர்களை நான் அறிவேன்; அவர்களில் ஒருத்தி எங்கள் அனைவரையும்விட நன்றாக நிரல் எழுதுவாள். கட்டணம் வைத்தால் வரவு எவ்வளவு என்று கணக்கிடுகிறோம், வராமல் போனவர்களை எவரும் கணக்கிடுவதில்லை.

கடைகளுக்குச் செல்ல வேண்டியவர்கள் மாணவர்களே. ஜனவரியில் நேரமில்லைதான், ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை ரோபோவையே கடைத்தெருவுக்குக் கொண்டுபோய் இயக்கிக் காட்டலாம். ஒருவரிடம் போய் நம் வேலையை விளக்கி உதவி கேட்கக் கற்றதுதான் பின்னாளில் எனக்கு மிகுதியும் பயன்பட்டது.

ஃபிளின்ட்_ஆசிரியர்:
எங்கள் பள்ளியில் 1,000 டாலர் கேட்டால் மறுநாளே அணி இருக்காது. பள்ளி உதவிச் சட்டத்தின் 99எச் பிரிவில் மாநிலம் தரும் மானியமும், கிடைக்கும் சிறு நன்கொடைகளும்தான் எங்களைத் தாங்குகின்றன. அம்மானியத்துக்கு உள்ளூர்ப் பங்கும் காட்ட வேண்டும்; தொகையைச் சட்டமன்றம் ஆண்டுதோறும் முடிவு செய்வதால் அதை மட்டுமே நம்பவும் முடியாது. எனவே செலவிலும் கை வைத்தோம். ரோபோவை எத்திசையிலும் நகர்த்தும் நான்கு ஸ்வெர்வ் சக்கரத் தொகுதிகளும் எட்டு மோட்டார்களும் புதிதாக வாங்கினால் 2,500 டாலரைத் தாண்டும். அவற்றைக் கழற்றி அடுத்த ஆண்டும் பயன்படுத்துகிறோம். ஹூஸ்டன் பயணத்தை ஆண்டுத் திட்டத்தில் சேர்ப்பதேயில்லை. தகுதி பெற்றால் அதற்கென்று தனியாகத் திரட்டுவோம்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது ஆள்தான். பொறுப்பாசிரியர் ஓய்வுபெற்றதோடு நின்றுபோன அணிகள் உண்டு. வங்கியில் பணம் இருந்தும் நின்றன. கடவுச்சொற்கள், புரவலர் முகவரிகள், கொள்முதல் முறை எல்லாம் ஒருவர் தலைக்குள்ளேயே இருந்தால் அந்த அணியின் ஆயுள் அவருடைய ஆயுள்தான். நடுநிலைப் பள்ளியின் எஃப்டிசி (ஃபர்ஸ்டின் சிறிய ரோபோ போட்டி) அணிக்கு எங்கள் மாணவர்களே பயிற்சி அளிப்பதால், அடுத்த தலைமுறையும் அவர்களோடு சேர்ந்து பெற்றோரும் முன்கூட்டியே அறிமுகமாகிவிடுகிறார்கள்.

நோவைவாசி:
ஹூஸ்டனைத் திட்டத்திலிருந்து நீக்குவதை நான் ஏற்கவில்லை. உலகப் போட்டியைக் குறிவைப்பதால்தான் பிள்ளைகள் இரவு ஒன்பது மணி வரை பட்டறையில் இருக்கிறார்கள். உணவுக்கும் சட்டைக்கும் மட்டும் சிறு கட்டணம் வைத்து, மற்றதைப் புரவலர்களிடம் பெறுவது என்றால் பேசலாம். ஆனால் ஒன்றைத் தெளிவாக்குங்கள்: செப்டம்பர் முடிவில் இருபது கடைகளுக்குப் பதில் ஆறு கடைகள்தான் சேர்ந்திருந்தால், பதிவுக் கட்டணத்தை யார் கட்டுவது?

பற்சக்கரம்:
முந்தைய பருவத்தின் மிச்சத்திலிருந்து கட்ட வேண்டும். ஓராண்டுப் பதிவுக் கட்டணத்தைத் தொடாத கையிருப்பாக வைப்பது என்று சங்கத்தின் விதியிலேயே எழுத வேண்டும். இப்போது கணக்கில் 3,800 டாலர் இருக்கிறது. மீதியை இக்கோடைக்குள் சேர்க்கும் பொறுப்பை ஏற்கிறேன். கடைகளுக்குச் செல்லும் மாணவர்களை நானே அழைத்துச் செல்கிறேன். குடும்பத்துக்கு 1,000 டாலர் என்ற தீர்மானம் பொதுக்கூட்டத்துக்கு வந்தால் எதிர்த்தே வாக்களிப்பேன்.