வண்டிக்கு 20 நிமிட டெஸ்ட் ரைடு: டூரிங், அட்வெஞ்சர் பைக்கில் எதைப் பார்ப்பது?

புழுதிப்பாதை:
வணக்கம். இப்போது ஓட்டுவது 150 சிசி, 140 கிலோ வண்டி. அடுத்து நீண்ட பயணத்துக்கு ஒன்று வாங்க வேண்டும். இரண்டு மாடல்களில் வந்து நிற்கிறேன்: சுசுகி வி-ஸ்ட்ராம் 650, யமஹா டெனெரே 700. உயரம் 168 செ.மீ., கால் உள்ளளவு 77 செ.மீ., எடை 68 கிலோ. பாதிப் பயணங்களில் மனைவியும் பின்னால் வருவார், இரண்டு பக்கப் பெட்டிகளோடு. பத்தில் எட்டுப் பங்கு தார்ச்சாலை, மீதி சரளைக்கல், மண் பாதை. ஷோரூமில் வண்டிக்கு 20 நிமிடம்தான் ஓட்டத் தருவார்கள். அதற்குள் எதை, எந்த வரிசையில் சோதிக்க வேண்டும்?

கிளட்ச்கம்பி:
அந்த 20 நிமிடத்தை, வாங்கிய பிறகு மாற்ற முடியாத விஷயங்களுக்கு மட்டும் செலவழியுங்கள். சீட், விண்ட்ஸ்கிரீன், ஹேண்டில்பார் உயரம், லீவர் கோணம், டயர் எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இன்ஜினின் குணம், அதன் சூடு, வண்டியின் எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டர் எப்படி நடந்துகொள்கிறது என்பவை கடைசி வரை கூடவே வரும். பெரும்பாலோர் சாலைக்கு வந்ததும் முறுக்கிப் பார்த்து இழுவை நன்றாக இருக்கிறது என்று திருப்தியாகி விடுகிறார்கள். இந்த வகை வண்டி எதிலும் இழுவைக்குக் குறை இருக்காது.

முந்தைய நாளே போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள். டெமோ வண்டியும் நீங்கள் வாங்கப்போகும் வேரியன்ட்டும் ஒன்றுதானா? அதில் கூடுதலாக என்னென்ன பொருத்தியிருக்கிறார்கள்? எவ்வளவு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? கம்ஃபர்ட் சீட்டும் உயர விண்ட்ஸ்கிரீனும் மாட்டிய டெமோவை ஓட்டிவிட்டு, அவை இல்லாத வண்டியை வீட்டுக்கு எடுத்து வருவது அடிக்கடி நடக்கிற தவறு. நூறு கிலோமீட்டர் கூட ஓடாத வண்டி என்றால் புது டயரின் மேற்பரப்பு இன்னும் வழுக்கும், இன்ஜினும் இறுக்கமாக இருக்கும். அதை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

நேரம் ஓடத் தொடங்கும் முன், நிற்கும் வண்டியில் பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். டயர் காற்றழுத்தம், குளிர்ந்த நிலையில், வண்டியிலேயே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு இருக்க வேண்டும். முன் டயரில் 6 பி.எஸ்.ஐ. குறைந்தாலே ஹேண்டில் கனக்கும். நீங்கள் வண்டியின் வடிவமைப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள், குறை காற்றில் இருக்கும். செயினைக் கையால் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மேல் தளர்ந்திருந்தால் மெதுவேகத்தில் வண்டி வெட்டி வெட்டிப் போகும், பழி இன்ஜின் மேல் விழும். ஆனால் நீண்ட சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளுக்குச் சாதாரண பைக்கை விடக் கூடுதல் தளர்வு தேவை, எனவே மேனுவலில் உள்ள அளவோடுதான் ஒப்பிட வேண்டும். பிறகு பின் பிரீலோடை (பின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) உங்கள் எடைக்கு வைக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்ததும் பின் சஸ்பென்ஷன் அதன் மொத்தப் பயண தூரத்தில் (மேலும் கீழும் அசையும் தூரம்) மூன்றில் ஒரு பங்கு அளவு இறங்கினால் சரி. 200 மி.மீ. பயண தூரம் உள்ள வண்டியில் அது சுமார் 65 மி.மீ.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யக் கேளுங்கள். நீங்கள் வருவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் காலை நேரத்து ஐடிலிங் எப்படி என்று தெரியாது.

சாலைக்கு வந்ததும் முதல் ஐந்து நிமிடம் மெதுவேகம் மட்டும். முதல் கியரில் கிளட்ச்சை முழுதாக விட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் உருள விடுங்கள். பிறகு இரண்டாம் கியர், 30 கி.மீ. வேகம்: ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, மயிரிழை திறந்து, மறுபடி மூடுங்கள். அந்தத் திறப்பில் முட்டுகிறதா? குறுகலான திருப்பத்தில் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு போகும்போது இந்த முட்டல்தான் வண்டியைக் கீழே போட வைக்கும். மோடுகள் உள்ள வண்டியானால் ரெயின் மோடில் இதே சோதனையைச் செய்து பாருங்கள், பெரும்பாலும் மென்மையாகும். அடுத்து ஹேண்டிலை முழுக்க ஒடித்து இரண்டு பக்கமும் யூ-டர்ன். கிளட்ச் பாதியில், பின் பிரேக் லேசாக, பார்வை திரும்பப்போகும் திசையில். 140 கிலோவிலிருந்து 200-க்கு மேல் போகிறவருக்கு இதுதான் உண்மையான சோதனை. வலப்பக்கம் திருப்புவதுதான் பலருக்கும் தடுமாற்றம், அதை விட்டுவிட்டு வராதீர்கள்.

காற்றுமுகம்:
மேலே சொன்னதில் ஒன்றில் எனக்கு உடன்பாடு இல்லை. விண்ட்ஸ்கிரீனைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எளிதாக எண்ண வேண்டாம். மாற்றலாம், ஆனால் மூன்று நான்கு ஸ்கிரீன் மாற்றியும் ஹெல்மெட் குலுக்கல் போகாத வண்டிகள் உண்டு. ஆகவே நெடுஞ்சாலையில் குறைந்தது ஏழெட்டு நிமிடம் ஒதுக்குங்கள்.

சொந்த ஹெல்மெட்டைக் கொண்டு போவது கட்டாயம். காற்றிரைச்சலில் பாதி ஹெல்மெட்டின் வடிவத்தால் வருவது. முன் தொப்பி நீண்ட அட்வெஞ்சர் ஹெல்மெட்டும் சாதாரண ஃபுல் ஃபேஸும் ஒரே ஸ்கிரீனுக்குப் பின்னால் வேறு வேறு மாதிரி ஆடும். சட்டப்படி ஓடக்கூடிய வேகத்தில் ஒரே சீராகப் போய்க்கொண்டு, இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்க, ஃபுட்ரெஸ்டில் ஊன்றி மெல்ல எழுந்திருங்கள். தலை மேலே போனதும் சத்தம் கூடி, குலுக்கல் மட்டும் நின்றுவிட்டால், ஸ்கிரீனின் மேல் விளிம்பில் சுழலும் காற்று உங்கள் ஹெல்மெட்டைத் தாக்குகிறது என்று பொருள். அப்படியானால் குட்டையான ஸ்கிரீன் உதவும், உயரமானது அல்ல. இதற்கு மாறாக, நாலு விரல் குனிந்ததும் அமைதியானால் உயரம் கூட்ட வேண்டும். ஸ்கிரீனுக்கும் முகப்புக்கும் நடுவே கீழே இடைவெளி இருப்பது நல்லது. அந்த வழியாக நுழையும் காற்று ஸ்கிரீனுக்குப் பின்னால் உண்டாகும் குறைந்த அழுத்தத்தை நிரப்பும். முதுகை முன்னால் தள்ளுவது போன்ற உணர்வும் அதனால் குறையும்.

போன சாலையிலேயே திரும்பியும் வாருங்கள். பின்காற்று அடிக்கும்போது எல்லா வண்டியும் சொகுசாகத்தான் தெரியும்.

அதிர்வுக்கு: கடைசி கியரில் ஒரே வேகத்தில் இரண்டு நிமிடம் பிடியுங்கள். பிறகு அதிலிருந்து 10 கி.மீ. கூட்டியும் குறைத்தும் பிடியுங்கள். கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியின் விளக்கு ஒன்றாகத் தெரிகிறதா, கலங்குகிறதா? விரல் நுனி மரத்துப்போகிறதா? நீங்கள் பார்க்கும் இரண்டு இன்ஜினும் ஒரே தாளத்தில் வெடிப்பவை. வி-ஸ்ட்ராமின் 90 டிகிரி வி-ட்வினிலும் (இரு சிலிண்டர் V வடிவில்) டெனெரேயின் 270 டிகிரி கிராங்க் உள்ள பேரலல் ட்வினிலும் (இரு சிலிண்டர் பக்கம் பக்கமாக) வெடிப்பு இடைவெளி 270, 450 டிகிரிதான், எனவே சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வி-ட்வின் இயல்பிலேயே முதல்நிலைச் சமநிலை உள்ளது, பேரலல் ட்வினுக்கு அதிர்வை ஈடுகட்டும் பேலன்ஸர் ஷாஃப்ட் வேண்டும். ஆனால் கைக்கு வந்து சேரும் அதிர்வு ஹேண்டில், ரப்பர் புஷ், ஃபிரேம் எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பது. ஓட்டித்தான் தெரியும்.

பிரேக்கை நேர்ச்சாலையில், பின்னால் யாரும் இல்லாதபோது, 60-லிருந்து படிப்படியாக அழுத்திப் பாருங்கள். நீண்ட ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்) ஆழமாக அமுங்கும். முதலில் பயமாக இருக்கலாம், ஆனால் அப்படி அமுங்கிய பிறகு வண்டி நேராக நிற்கிறதா என்பதே கேள்வி. வளைவுகளில் டெனெரேயின் 21 அங்குல முன்சக்கரம் வி-ஸ்ட்ராமின் 19 அங்குலத்தை விடச் சற்று தாமதமாகச் சாயும். அது பழுதல்ல, பெரிய சக்கரத்தின் சுழல் விசை. கல்லும் குழியும் வரும்போது அதே சக்கரம்தான் எளிதாக ஏறிக் கடக்கும். பத்தில் எட்டுப் பங்கு தார்ச்சாலை என்கிறீர்கள், ஆகவே அந்தத் தாமதம் உங்களுக்குத் தொந்தரவா என்று வளைவில் கவனியுங்கள்.

இருவர்பயணம்:
மனைவியையும் கூட்டிட்டுப் போங்க ப்ரோ. அவங்க இல்லாம எடுக்கிற முடிவு பாதி முடிவுதான். முதல் பத்து நிமிஷம் தனியா ஓட்டுங்க, அப்புறம் பிரீலோடை ஏத்திட்டு அவங்களை உட்கார வைங்க. ஏத்தாம ஓட்டினா பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் லேசாகி, ஹேண்டில் மிதக்கிற மாதிரி இருக்கும், ஹெட்லைட் எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும். பிரீலோடு மாத்த கையால திருப்புற குமிழ் இருக்கா, இல்ல ஸ்பேனர் வேணுமான்னு பாருங்க. ஸ்பேனர்னா பெட்டி மாட்டின பிறகும் உள்ளே போகுமான்னும் கேளுங்க.

அவங்ககிட்ட கேட்க வேண்டியது: முழங்கால் எவ்வளவு மடியுது, பிடிக்கிற கம்பி கைக்கு எட்டுதா, பிரேக் பிடிக்கும்போது உங்க மேல சரியறாங்களா, சைலன்சர் சூடு காலுக்கு வருதா. ஏறி இறங்குறதை மூணு தடவை செய்யச் சொல்லுங்க, சைடு ஸ்டாண்டு எடுத்த பிறகு, நீங்க வண்டியைத் தாங்கிக்கிட்டு இருக்கும்போது. பெட்டி மாட்டினா கால் தூக்கிப் போடுற இடமே மாறிடும், அதனால பெட்டி மாட்டின வண்டி ஷோரூம்ல இருந்தா அதுலயும் ஏறிப் பார்க்கட்டும்.

எடைக் கணக்கு யாரும் பார்க்கிறதில்ல, ஆனா இது ரொம்ப முக்கியம். மேனுவல்ல மொத்த அனுமதி எடைன்னு ஒண்ணு இருக்கும். அதுல கெர்ப் எடையை (பெட்ரோல், ஆயில் எல்லாம் நிரப்பின வண்டியோட எடை) கழிங்க. ஒரு பேச்சுக்கு 420-ல 215 போனா மிச்சம் 205 கிலோ. நீங்க 68, அவங்க 60, ரெண்டு பேர் ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் சேர்த்து 16. ஆச்சு 144. பெட்டிகளும் அதைத் தாங்குற சட்டமும் 18 கிலோ. மிச்சம் 43 கிலோதான் சாமானுக்கு. டாப் பாக்ஸ் சேர்த்தா அதுலயும் குறையும். கெர்ப் எடைக்குப் பதிலா பெட்ரோல் இல்லாத எடையைப் போட்டிருந்தா ஏமாந்துடாதீங்க, 20 லிட்டர் பெட்ரோலே ஏறக்குறைய 15 கிலோ.

புழுதிப்பாதை:
மிக்க நன்றி. எடைக் கணக்கை இதுவரை போட்டதே இல்லை. ஒரு சந்தேகம்: வி-ஸ்ட்ராம் சீட் 835 மி.மீ., டெனெரே 875. 77 செ.மீ. கால் அளவுக்கு இரண்டாவது சாத்தியமா? லோயரிங் லிங்க் (வண்டியைத் தாழ்த்தும் பின் சஸ்பென்ஷன் இணைப்பு) போட்டால் தீராதா?

கிளட்ச்கம்பி:
எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். சீட்டின் முன்பகுதி குறுகலாக இருந்தால் 20 மி.மீ. உயரம் கூட இருந்தாலும் கால் எட்டும். பூட்ஸ் 2 செ.மீ. கூட்டும். உங்கள் எடையில் சஸ்பென்ஷனும் இறங்கும். ஆனாலும் டெனெரேயில் உங்களுக்கு இரு காலும் முழுதாகப் பதியாது, அது உறுதி.

முழுதாகப் பதிய வேண்டிய அவசியமும் இல்லை. நிற்கும்போது இடுப்பை இடப்பக்கம் அரை அடி நகர்த்தி, இடது பாதத்தை முழுக்க ஊன்றி, வலது காலைப் பின் பிரேக்கில் வைத்துக்கொள்ள முடிகிறதா? அதைச் சமதளத்தில் அல்ல, சாலை ஓரம் சரிந்திருக்கும் இடத்தில் செய்து பாருங்கள். பிறகு உட்கார்ந்தபடியே வண்டியைப் பின்னோக்கி இரண்டு மீட்டர் தள்ளுங்கள். பின்னால் ஆள் இருக்கும்போதும் இது முடிந்தால் எடுத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

லோயரிங் லிங்க் கடைசி வழி. பின்பக்கம் மட்டும் இறங்கினால் முன் ஃபோர்க்கின் கோணம் சாய்ந்து, திருப்பம் இன்னும் தாமதமாகும். ஈடுகட்ட ஃபோர்க்கை கிளாம்ப்பில் மேலே ஏற்ற வேண்டும். தரை இடைவெளி குறையும். சைடு ஸ்டாண்டு நீளமாகி வண்டி நெட்டுக்குத்தாக நின்று, சின்னக் காற்றுக்கே மறுபக்கம் சாயும். முதலில் கம்பெனியின் தாழ்ந்த சீட்டைக் கேளுங்கள். அதில் நுரை மெலியும், முழங்கால் அதிகம் மடியும், ஆனால் வண்டியின் வடிவக் கணக்கு கெடாது.

காற்றுமுகம்:
விட்டுப்போன ஒன்று: சூடு. திரும்பி வரும்போது நெரிசல் வழியாக வாருங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும் வரை இன்ஜினை அணைக்காதீர்கள். அந்தக் காற்று எந்தத் தொடையில் படுகிறது என்பது 20 நிமிடத்தில் கடைசி 5 நிமிடத்தில்தான் தெரியும்.

இரண்டையும் ஒரே நாளில், ஒரே பாதையில் ஓட்டுங்கள். உங்கள் 150-லிருந்து போகும்போது முதலில் ஏறும் பெரிய வண்டி எதுவானாலும் பிரமிப்பாகத்தான் இருக்கும், ஆகவே முதலாவதை மறுபடி ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே போனில் குரல் குறிப்பாகப் பதிவு செய்துவிடுங்கள். அடுத்த வண்டியில் ஏறினால் முந்தையதின் நுணுக்கம் மறந்துபோகும்.

இருவர்பயணம்:
கையெழுத்து வாங்குற படிவத்தைப் படிச்சுட்டுப் போடுங்க. வண்டி விழுந்தா சேதத்துல உங்க பங்கு எவ்வளவு, இன்சூரன்ஸ் எந்தத் தொகைக்கு மேலதான் தரும், பின்னால ஆள் ஏற அனுமதி உண்டா, மண் பாதையில இறங்கலாமா, இந்த நாலும் அதுல இருக்கும். மண் பாதைக்கு அனுமதி இல்லைன்னா அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுங்க. உட்காருமிடம் வலிக்க ஆரம்பிக்கிறது ரெண்டாவது மணி நேரத்துலதான், எந்த ஷோரூம் ரைடுலயும் அது தெரியாது. வாடகை வண்டியில டேங்க்கை நிரப்பி எடுத்து, திரும்பக் கொடுக்கும்போது மறுபடி நிரப்பினா லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னும் கையில வந்துடும்.