ஏரிக்கரையில் படிவம் 6

2023 நவம்பர், வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கான சிறப்பு முகாம் நடந்த நேரம். மதுராந்தகம் பக்கம் ஓர் ஏரிக்கரையில் இருக்கும் இருளர் பழங்குடிக் குடியிருப்புக்கு, பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 கட்டோடு போயிருந்தேன். தை பிறந்தால் பாதிப் பேர் சேம்பருக்கு, அதாவது செங்கல் சூளைக்கு, கல் அறுக்கப் போய்விடுவார்கள், மழைக்காலத்துக்குத்தான் திரும்புவார்கள். அதற்குள் முடித்தாக வேண்டும்.

ஓட்டின் அருமை பற்றி நான் தயாரித்து வைத்திருந்த பேச்சு இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. "பேரு எழுதிக் குடுத்தா, பொறம்போக்குல கெடக்குறாங்கன்னு காலி பண்ணிட மாட்டாங்களா?" என்று ஒரு பாட்டி கேட்டார். மற்றவர்கள் முகத்திலும் அதே கேள்விதான்.

பட்டா வேறு, ஓட்டு வேறு பாட்டி என்றேன். நடைபாதையில் படுப்பவருக்குக்கூட, பட்டியல் வேலையைப் பார்க்கும் பூத் அலுவலர் ராத்திரியில் போய் அவர் அங்கேதான் தூங்குகிறார் என்று உறுதி செய்துகொண்டால் முகவரிச் சான்று வேண்டாம், தேர்தல் ஆணையத்தின் விதியே அப்படித்தான் என்று சொன்னதும் சிரித்துவிட்டார். "வந்து பாக்கட்டுமே, நாங்க வேற எங்க போயிடப் போறோம்!"

அப்புறம் போட்டோ. வெள்ளைப் பின்னணி வேண்டுமே! ஒருவர் வேட்டியைக் கொண்டுவந்தார், இரண்டு பொடியன்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். ஏரிக்காற்றில் வேட்டி நிற்கவேயில்லை. ஒரு படத்தில் பாட்டியின் காதுக்குப் பக்கத்தில் பையனின் கட்டைவிரல், மறுபடி எடுத்தோம். ஆதார் வைத்திருந்த பெரியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பிறந்த நாள் ஜனவரி 1. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு அப்படிப் பதிந்துவிடுவார்கள், இந்த வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதில்லை.

பூத் அலுவலராக இருந்த அங்கன்வாடி டீச்சர் கதவு எண் இல்லையே என்று முதலில் தயங்கினார். மறுநாள் நேரில் வந்து குடிசை குடிசையாகப் பார்த்த பிறகு சரி என்றார்.

ஜனவரியில் வந்த இறுதிப் பட்டியலில் பதினாலு பேர் இருந்தார்கள். ஆனால் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்த 2024 ஏப்ரல் 19 அன்று ஊரில் இருந்தது ஐந்து பேர்தான். வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135பி பிரிவு இருக்கிறது. முன்பணம் வாங்கிவிட்டு, அறுத்த கல்லுக்குக் கூலி வாங்குகிறவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? சேம்பர்காரரைப் போனில் கூப்பிட்டேன். "போறவங்கள நான் தடுக்கல சார்" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி மட்டும், கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி வந்தார்கள். அந்த அக்காவின் முழங்கையில் சேற்று மண் அப்படியே காய்ந்திருந்தது. மற்ற ஏழு பேர் வரவில்லை.

சேம்பருக்குப் போனவர்களை ஓட்டுப் போடும் நாளில் ஊருக்கு வரவைத்த அனுபவம் யாருக்காவது இருந்தால், முதலாளியிடம் எப்படிப் பேசினீர்கள் என்று கொஞ்சம் எழுதுங்கள்.