முட்டி வலி உள்ள அம்மாவுக்கு எந்த ரிகம்பென்ட் சைக்கிள் வாங்கலாம்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது, உயரம் ஐந்தடி, எடை 78 கிலோ, சர்க்கரையும் உண்டு. போன தீபாவளிக்கு அப்புறம் இரண்டு முட்டியிலும் வலி. படி இறங்கும்போதுதான் அதிகம். வீக்கம் இல்லை. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் ஆரம்பநிலை மூட்டுத் தேய்மானம் என்றார். உடம்பை அசைப்பதை நிறுத்தக் கூடாது, முட்டியில் அதிர்வு விழாத பயிற்சி வேண்டும் என்றும் சொன்னார்.

கடற்கரைச் சாலையில் காலை 7.30 வரை வண்டி வராது என்பதால் அங்கேதான் நடப்பார். இப்போது காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை போவதற்குள் உட்கார்ந்துவிடுகிறார். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

உறவினர் வீட்டு டிரெட்மில்லில் வலி கூடியது. சாதாரண உடற்பயிற்சி சைக்கிளில், பெடல் கீழே போகும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கும்படி சீட்டை உயர்த்தியதும் முட்டிக்குச் சுகமாக இருந்தது; ஆனால் முதுகு சாய இடமில்லாமல் இடுப்பு பிடித்துக்கொண்டது. கடையில் நின்றபடியே பெடல் மிதிக்கும் எலிப்டிகல் இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தோம். பாதம் பெடலை விட்டு எழாததால் அதிர்வில்லை, சரி, ஆனால் ஏறி இறங்கவே பயப்படுகிறார்.

அதனால் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் ரிகம்பென்ட் சைக்கிள்தான் என்று முடிவு செய்திருக்கிறோம். பெடலின் இறுக்கத்தைக் காந்தத்தால் கூட்டிக் குறைக்கிற, சத்தம் வராத காந்தத் தடை வகை வேண்டும். பட்ஜெட் 25,000 ரூபாய். உப்புக்காற்றில் எங்கள் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிறது.

கடலோர வீட்டில் துருப்பிடிக்காமல் ஓடுகிற, குள்ளமானவருக்கும் சீட் எட்டுகிற ரிகம்பென்ட் மாடல் எது?