காட்டிங்லி தேவதைப் படங்கள்: நெகடிவ் சுத்தம், பிறகு எப்படி ஏமாற்றினார்கள்?

கேள்வி: 1917இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் அருகே காட்டிங்லியில் எல்சி (16), ஃபிரான்சிஸ் (9) எடுத்த படங்களில் குட்டித் தேவதைகள் ஆடுகின்றன. நெகடிவில் தில்லுமுல்லு இல்லை என்று அன்றைய நிபுணரே சொன்னாராமே?

பதில் 1: சரியாகத்தான் சொன்னார். அந்த நிபுணர் ஸ்னெல்லிங் பார்த்த நெகடிவில் இரட்டைப் பதிவும் (ஒரே தட்டில் இரு காட்சிகள்) இல்லை, தூரிகைத் திருத்தமும் இல்லை. மோசடியோ கேமராவுக்கு முன்னாலேயே நின்றது. 1914இல் வந்த சிறுவர் நூலொன்றின் படத்தைப் பார்த்து எல்சி வரைந்தார், இறக்கை சேர்த்தார், கத்தரித்தார். நிறுத்தியது தொப்பி ஊசி.

பதில் 2: முதல் படத்தில் பின்னணி அருவியைக் கவனியுங்கள். ஷட்டர் மெதுவாக இயங்கியதால் தண்ணீர் கலங்கலாக விழுந்திருக்கிறது. ஆனால் ஆடும் தேவதைகள் கூர்மையாக இருக்கின்றன. அசைந்திருந்தால் அவையும் கலங்கியிருக்கும். இன்னொன்று: இணையத்தில் சுற்றுபவை பெரும்பாலும் ஸ்னெல்லிங் தெளிவாக்கிய பிரதிகள். அவற்றை வைத்து மூலத்தின் தரத்தை எடை போடாதீர்கள்.

பதில் 3: எல்சியுடன் ஒரு குட்டிக் குள்ளன் உருவம் இருக்கும் இரண்டாம் படத்தில், அதன் வயிற்றில் ஊசிமுனை தெரிகிறது. படங்களை நம்பிய ஷெர்லாக் ஹோம்ஸ் எழுத்தாளர் கானன் டாயில் அதைத் தொப்புள் என்று எடுத்துக்கொண்டார், பாவம்! 1983இல் எல்சியும் ஃபிரான்சிஸும் மோசடியை ஒப்புக்கொண்டாலும், 1920இல் எடுத்த ஐந்தாம் படம் மட்டும் அசல் என்றார் ஃபிரான்சிஸ். அதை எடுத்தது தான்தான் என இருவருமே சொன்னதால், ஒரே நெகடிவ் தட்டில் தற்செயலாக இருமுறை பதிந்திருக்கலாம் என்பதே பொருத்தமான விளக்கம்.