ஃபெர்ன் இலைக்கு அடியில பழுப்புப் புள்ளி, பூச்சியா விதையா?

கிணத்தடி:
தொட்டியில இருக்கற ஃபெர்ன் இலையைத் திருப்பிப் பார்த்தா ரெண்டு வரிசையா பழுப்புக் கலர்ல புள்ளி புள்ளியா இருக்கு, செதில் பூச்சி, வேப்பெண்ணெய் அடின்னு வீட்ல சொல்றாங்க. அடிக்கலாமா? அப்புறம் பூவே பூக்காத செடி எப்படிங்க பரவுது? எங்க ஊர் கிணத்துச் சுவர்ல யாரும் வைக்காமலே மண்டிக் கிடக்கே.

இலைக்காடு:
அடிக்காதீங்க. பூச்சின்னா தண்டு, காம்புன்னு கண்ட இடத்துலயும் ஒட்டிருக்கும். இப்படி ஒழுங்கா வரிசை கட்டியிருந்தா அது ஸ்போர் பைகள்தான், ஸ்போர்னா ஃபெர்ன் பரவறதுக்கு உதவற நுண்ணிய தூள். லென்ஸ் வச்சுப் பாருங்க, ஒவ்வொரு பை மேலயும் தடிச்ச செல்கள் ஒரு வரிசையா ஓடும். காத்து காய்ஞ்சதும் அதுல தண்ணி குறைஞ்சு வரிசை பின்னால வளையும், பை கிழியும், ஒரு கட்டத்துல அந்த செல்களுக்குள்ள குமிழி உண்டாகி சடார்னு முன்னால திரும்பும் பாருங்க, ஸ்போர் எல்லாம் கவண்கல்லு கணக்கா தெறிக்கும், நொடிக்கு 10 மீட்டர் வேகம்! அப்புறம் காத்து தூக்கிட்டுப் போயிடும்.

மண்வாசி:
அது பாதிக் கதைதாங்க. ஸ்போர் விதை இல்ல, உள்ள கரு கிடையாது. ஈரத்துல விழுந்தா முதல்ல வர்றது ஃபெர்னே இல்ல, இதய வடிவத்துல சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதா ஒரு பச்சைத் தகடு, பேரு புரோதாலஸ். பாசின்னு நினைச்சு நிறைய பேர் வழிச்சுப் போட்டுடறாங்க, பார்க்கவே வருத்தமா இருக்கும். அதோட அடியிலதான் ஆண் செல்லும் முட்டையும் உண்டாகுது, ஆண் செல் தண்ணியில நீந்தித்தான் முட்டைகிட்ட போயாகணும். மாலிக் ஆசிட் (ஆப்பிள் மாதிரி பழங்கள்ல இருக்கற அமிலம்) இருக்கற பக்கமா அது நீந்தும்னு ஜெர்மன் தாவரவியலாளர் பெஃப்பர் 1884லயே காட்டிட்டார். ரெண்டும் சேர்ந்தப்புறம்தான் நாம பார்க்கற ஃபெர்ன் முளைக்கும், தகடு வாடிடும். கிணத்துச் சுவர்ல நிழலும் கசிவும் எப்பவும் இருக்கு, அதான் அங்க மண்டுது. சுவர்ல படர்ற பாசியில (மாஸ்) இது அப்படியே தலைகீழ், பச்சையா படர்றதுதான் முட்டை போடற செடி, மேல நீட்டிட்டு நிக்கற குச்சிதான் ஸ்போர் தர்றது.

கிணத்தடி:
நல்லவேளை, அடிக்கல. ஸ்போர்லருந்து நாமளே வளர்க்க முடியுமா?

இலைக்காடு:
தாராளமா. ஆனா தொட்டியில இருக்கறது பாஸ்டன் ஃபெர்னா இருந்தா அதோட ஸ்போர் பெரும்பாலும் முளைக்காது, ஓடுதண்டைப் பிரிச்சு வைங்க. கிணத்துல இருக்கறதுல புள்ளி பழுப்பான இலையா ஒண்ணு கிள்ளி வெள்ளைப் பேப்பர்ல மடிச்சு வச்சா ரெண்டு நாள்ல பொடி கொட்டும். கொதிதண்ணி ஊத்தி ஆறவச்ச தென்னைநார்த் தூள்மேல லேசா தூவி, டப்பாவை மூடி, நேர் வெயில் படாம வைங்க, மண்ணு போட்டு மூடிடாதீங்க, வெளிச்சம் வேணும். சில வாரத்துல பச்சை படரும், தகடு தெரிஞ்சதும் அப்பப்ப தண்ணி ஸ்ப்ரே பண்ணுங்க, இல்லன்னா நீந்த வழியில்லாம அதோட நின்னுடும்.